பாதியில் தூங்கிப்போனவனுக்கு

அன்புள்ள சரவணா,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், சொட்டு மருந்துக்காக ஒரு நாளைக்கு ஆறு தடவை அலாரம் வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நன்றாகத் தெரிகிறதாம். சீரியலில் வருகிறவர்கள் முகத்தில் இவ்வளவு மாவு அப்பியிருக்கிறார்களா என்று ஆச்சரியப்படுகிறார்.

சரி, படத்துக்கு வருகிறேன். 'ஐ சா த டிவி க்ளோ' பார்க்கச் சொன்னால் பாதியில் தூங்கிவிட்டு, பேயே வரவில்லையே, இது எப்படி ஹாரர் என்று என்னையே கேட்கிறாய். நானும் முதல் தடவை அதைத் தப்பாகத்தான் பார்த்தேன். 1996, அமெரிக்கப் புறநகர் ஒன்று, ஓவன் என்று ஒரு பையன். சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு 'த பிங்க் ஒபேக்' என்று ஒரு தொடர் வருகிறது, அவனோ அதற்கு முன்பே படுத்துவிட வேண்டும். மேடி என்று அவனைவிட மூத்த பெண், அதை டேப்பில் பதிவு செய்து, பள்ளிக்கூடத்தில் போட்டோ கழுவுகிற இருட்டறையில் அவனுக்காக வைத்துவிட்டுப் போவாள். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். நம் தெருவில் கேபிள் இருந்தது மாடி வீட்டில் மட்டும்தான். சன் டிவியில் 'விடாது கருப்பு' ஓடிய நாட்களில் நீ அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாய், என்னை அப்பா விடமாட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம், கருப்புசாமி குதிரையில் வருகிற இடம் வந்தால் பையைத் தொடையில் தட்டித் தட்டி, முழுக் கதையும் சொல்வாய். அந்தத் தொடரை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

போன வருஷம் யூடியூபில் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். இசை இன்னும் முதுகில் ஏறுகிறது, மற்றதெல்லாம் சுருங்கிப் போயிருக்கிறது. நீ சொன்ன கருப்பு இதைவிட உயரம்டா. ஓவனுக்கும் இதேதான் நடக்கிறது. வயதான பிறகு ஸ்ட்ரீமிங்கில் அந்தத் தொடரைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்தது மாதிரி மலிவாக இருக்கிறது, அவனுக்கே வெட்கமாகிவிடுகிறது. அட, நம்ம கதை என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அப்புறம்தான் எடுத்தவரைப் பற்றிப் படித்தேன். ஜேன் ஷோன்ப்ரன், ஆண் பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காத திருநர். தன் பால் மாற்றத்தின் ஆரம்பக் காலத்தில் எழுதிய கதை இது. (அவரைக் குறிக்க இங்கிலீஷ்காரர்கள் படுகிற பாடு நமக்கு இல்லை, 'அவர்' என்றால் முடிந்தது.) இரண்டாம் தடவை பார்த்தபோது, அது பெண்பிள்ளைகள் பார்க்கிற தொடர் இல்லையா என்று அப்பன்காரன் கேட்கிற ஒற்றை வரி சுருக்கென்றது. மேடி காணாமல்போய் எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து சொல்கிறாளே, நீ ஓவனே இல்லை, அந்தத் தொடரில் வருகிற இசபெல், உன்னை உயிரோடு புதைத்துவிட்டார்கள், இந்த ஊர், இந்த வாழ்க்கை எல்லாம் வில்லன் மிஸ்டர் மெலன்கலி காட்டுகிற மாயம் என்று? அதற்குள் நீ குறட்டை விட்டிருப்பாய். படம் நெடுக அவன் கையில் இன்ஹேலர். நான் ஆஸ்துமா என்றே நினைத்திருந்தேன். மண்ணுக்கடியில் கிடந்தால் மூச்சு எப்படி வரும்?

நமக்குக் கருப்பு சுருங்கினது நாம் வளர்ந்ததால். அங்கே அப்படி இல்லை, அந்தத் தொடர் உண்மை என்று ஒத்துக்கொண்டால் ஓவனின் மொத்த வாழ்க்கையும் பொய்யாகிவிடும், அதனால் சுருக்கியே ஆக வேண்டும். ஆகவே 'நம்ம கதை' என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டேப்பைப் பார்த்து உருகி உள்ளே நுழைந்தேன், அதுவரைக்கும்தான் என் பங்கு.

கடைசியைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீ தூங்குவாய். பிள்ளைகள் விளையாட்டுக் கூடம் ஒன்றில் வேலை, யாரோ பையனுக்குப் பிறந்தநாள், திடீரென்று ஓவன் வீறிட்டுக் கத்துகிறான். கழிப்பறைக்குப் போய் அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியால் நெஞ்சைப் பிளந்தால் உள்ளே டிவி வெளிச்சம். பிறகு வெளியே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காத ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கிறான். நெஞ்சைக் கிழித்ததைப் பார்த்துவிட்டேன். அந்த மன்னிப்புக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உன் குறும்படத்துக்குப் பேய் மேக்கப்புக்கு மட்டும் எழுபதாயிரம் என்று எழுதியிருந்தாயே, வேண்டாம். இதே ஷோன்ப்ரன் இதற்கு முன் 2021இல் 'வி ஆர் ஆல் கோயிங் டு த வேர்ல்ட்ஸ் ஃபேர்' எடுத்தார். முக்கால்வாசி ஒரு பெண் ராத்திரியில் தன் அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் படம். ஒரு வாக்கியத்தை மூன்று தடவை சொல்கிறாள், விரலைக் குத்தி ரத்தத்தைத் திரையில் தேய்க்கிறாள், அவளுக்கு ஏதோ ஆகிறதா, ஆகிற மாதிரி நடிக்கிறாளா என்று கடைசி வரை பிடிபடாது. அந்தக் காசில் நல்ல மைக் வாங்கு, இரண்டு நாள் கூடுதலாக ஒத்திகை பார். பேயைக் காட்டினால் உன் அத்தை பசங்க சிரிப்பார்கள்.

பொங்கலுக்கு வருகிறேன், அம்மாவும் கூட. மாடி வீட்டு சாலிடேர் டிவி இன்னும் பரணில் இருந்தால் பழைய இரும்புக்குப் போடவேண்டாம் என்று அக்காவிடம் இப்போதே சொல்லிவை. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே ஒரு பல்பு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
முருகேசன்