அவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிட்னி பயணக் கட்டுரையில் பாண்டை கடற்கரை பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் மஞ்சளும் சிவப்புமாகத் தொப்பி போட்டு நிற்பவர்களை "அரசு ஊழியர்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர், அது தவறு. பாண்டையில் நகராட்சி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் லைஃப்கார்டுகள் நீலச் சட்டைக்காரர்கள், அவர்கள் வேறு. மஞ்சள் சிவப்புத் தொப்பிக்காரர்கள் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் கடலில் குளிப்பவர்களைக் காக்க ஒரு காசு வாங்காமல் வந்து நிற்கும் தொண்டர்கள். என் மகளும் அப்படி ஒருத்தி (பாண்டையில் இல்லை, வேறொரு கடற்கரையில்) என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தொண்டர்களின் உயிர்காப்புச் சங்கங்கள் எப்படி வந்தன என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இங்கே பகல் வெளிச்சத்தில் கடலில் குளிக்கவே சட்டத்தில் தடை. 1902இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், நான் நடுப்பகலில் குளிக்கப்போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார், கடைசியில் வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டார்கள். தடை தளர்ந்ததும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு வந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சலும் தெரியாது, அந்தக் கடலும் தெரியாது. மூழ்குகிறவர்களைக் காப்பாற்ற ஆள் வேண்டியிருந்தது, குளிக்க வந்தவர்களே கூடிச் சங்கம் அமைத்தார்கள். பாண்டை சங்கம் 1907 பிப்ரவரியில் தொடங்கியது. பக்கத்துக் கடற்கரையான பிரான்ட்டியில் கேட்டால் எங்களுடையது 1903, நாங்கள்தான் முதல் என்பார்கள். அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தச் சங்கத்துக்காரர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு ஒரு கயிற்று ராட்டை. மரச் சட்டத்தில் பெரிய உருளை, அதில் நீளமான கயிறு, கயிற்றின் முனையில் ஒரு இடுப்புப் பட்டை. ஒருவர் பட்டையைக் கட்டிக்கொண்டு அலைக்குள் நீந்துவார். கரையில் வரிசையாக நிற்பவர்கள் கயிறு தண்ணீரில் இழுபடாமல் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அவர் ஆளைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தியதும் இவர்கள் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் இரண்டு பேரும் தண்ணீருக்குள் போவார்கள், கடல்பாசி சிக்கினால் காப்பாற்றப் போனவருக்கே ஆபத்து. ஒருவருடைய வீரத்தை மட்டும் நம்பி நடக்கிற வேலை இல்லை அது, கரையில் நிற்கும் ஐந்தாறு பேருடைய கை பதறாமல் இருந்தால்தான் நடக்கும். பாண்டை சங்கம் தொடங்குவதற்கு முந்தைய மாதமே, 1907 ஜனவரியில், அங்கே கடலில் இழுத்துச் செல்லப்பட்ட ஒன்பது வயதுப் பையனைக் காப்பாற்றினார்கள். அவன்தான் பின்னாளில், 1928இல், பசிபிக் பெருங்கடலை முதன்முதலாக விமானத்தில் கடந்த சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். கட்டுரையாளர் வந்து இறங்கிய சிட்னி விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

1938 பிப்ரவரி 6, பாண்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் மணல்திட்டில் நின்றிருந்த சுமார் 250 பேரைக் கடலுக்குள் வாரிக்கொண்டு போயின. சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர் அந்த நேரத்தில் கரையிலேயே இருந்தார்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், மற்ற எல்லோரையும் கரை சேர்த்துவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, புகழ்ச்சி மட்டும் போதாது. போர்க்காலத்தில் ஆண்கள் போனபிறகு பெண்கள் கரையில் நின்று இந்த வேலையைச் செய்தார்கள், ஆனாலும் அவர்கள் வெண்கலப் பதக்கத் தேர்வு (காவலுக்கு நிற்பதற்கான தகுதித் தேர்வு) எழுதி முழு உரிமையோடு காவலுக்கு நிற்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் மகள் அந்தத் தேர்வுக்காக 400 மீட்டரை ஒன்பது நிமிடத்துக்குள் நீந்தப் பழகிய மாதங்களில், விடியற்காலையில் காரில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம், நம் ஆட்களுக்காக ஒன்று. எட்டு வருடம் முன்பு, உறவினர்கள் வந்திருந்தபோது, அலை அடிக்காமல் கருநீலமாக அமைதியாகத் தெரிந்த ஒரு இடத்தைப் பார்த்து, குழந்தைகளுக்கு இதுதான் பத்திரம் என்று நான்தான் இறக்கிவிட்டேன். அதுதான் ரிப், கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடலுக்குத் திரும்பிப் போகிற வழி, அங்கே அலை உடையாததே அதனால்தான். முழங்கால் அளவில் நின்ற நான் நாலு நிமிடத்தில் கால் எட்டாத இடத்தில் இருந்தேன். பலகையில் வந்து என்னை ஏற்றிக்கொண்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. திட்டவில்லை. பிள்ளைகள் கரையில்தான் இருக்கிறார்கள், எண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதமே மகளைச் சங்கத்தின் சிறுவர் பிரிவில் சேர்த்தேன்.

சிட்னிக்கு வரும் உங்கள் வாசகர்கள் இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கட்டும். எந்த இடம் குறைந்த ஆபத்து என்று காலையில் கடலைப் பார்த்துத்தான் அந்தக் கொடிகளை நடுகிறார்கள். முடிந்தால் அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, சிட்னி