ஒட்டடைக்கு ஒரு ஒப்புதல்

பொள்ளாச்சி
ஞாயிறு இரவு

டேய் ஒட்டடை,

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷமாக ஏன் எழுதவில்லை என்று திட்டாதே. திட்டுவதற்கு இதைவிடப் பெரிய விஷயம் தருகிறேன், பொறு.

பெரியப்பாவின் ஏர்கன்னைப் பிரித்துவிட்டேன். அதேதான், வால்பாறை எஸ்டேட்டிலிருந்து அவர் கொண்டுவந்த டயானா 27. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கையில் வந்தது. குழலை மடித்தால் மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்று சத்தம். பத்தடியில் வைத்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் துளைத்த குண்டு, மறுபக்கம் வரத் தெம்பில்லாமல் உள்ளேயே விழுந்துவிட்டது. மாரியம்மன் நோம்பியில் பலூன் சுடுகிற கடைத் துப்பாக்கியே தேவலாம்.

அதன் உள்வேலை ரொம்ப எளிது. குழலை மடிக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் அது பாய்ந்து எதிரே உள்ள காற்றை நசுக்குகிறது. அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளும். பிஸ்டன் தலையில் ஒரு தோல் வாஷர் உண்டு, பம்ப் ஸ்டவ் வாஷருக்கு அண்ணன் மாதிரி. அது காய்ந்தால் காற்று ஓரமாக நழுவிவிடும். குழல் வந்து மூடுகிற இடத்திலும் ஒரு குட்டி வாஷர். அங்கே கசிகிறதா என்று பார்க்க டிஷ்யூ தாளை மேலே வைத்துச் சுட்டேன் (குண்டு போட்டுத்தான், முறைக்காதே). தாள் துள்ளிப் பறந்தது.

ஸ்பிரிங் அமுங்கியே உட்கார்ந்திருப்பதால் ஆணியைத் தட்டி எடுத்தால் முகத்துக்கு நேரே பாயும். ஆசாரியிடம் கதவுச் சட்டம் இறுக்கும் நீளக் கிளாம்ப்பை இரவல் வாங்கி, மெதுவாகத் தளர்த்தினேன். அதில் ஜாக்கிரதையாக இருந்தவன் இன்னொன்றில் கோட்டைவிட்டேன். இந்த டயானாவின் விசைக்குள் மூன்று எஃகு குண்டுகள் இருக்கின்றன, பிஸ்டனைப் பிடித்துவைப்பதே அவைதான். மூன்றும் தரையில் உருண்டு ஓடின. இரண்டு கிடைத்தன. மூன்றாவதை வீட்டுக்காரி பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி பீரோவுக்கு அடியிலிருந்து பிடித்தாள். அதற்கு அவள் பேசிய பேச்சை எழுதப்போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு, வருஷக்கணக்கில் உரசி வழவழவென்று ஆகியிருந்தன. உடைந்தது நேற்று இல்லை.

1987 கோடை லீவு. குண்டு போடாமல் சும்மா சுட்டு ஸ்பிரிங்கைக் கெடுத்தது நீதான் என்று அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் உன் அப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, எங்கள் திண்ணைக்குக் கீழே நின்று, "என்ன செலவானாலும் தைத்துக் கழித்துவிடுகிறேன்" என்றார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் துணி மொத்தமும் கூலி வாங்காமல் தைத்தார். எனக்கு நீலக்கட்டம் போட்ட சட்டை. உன் சட்டை என்ன நிறம் என்று யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. உனக்கு அந்த வருஷம் இருந்ததா?

இப்போது பிஸ்டனை உருவிப் பார்த்தால் தோல் வாஷரின் முகம் கரிந்திருக்கிறது. தோல் பழசானால் காயும், வெடிக்கும், தானாகக் கரியாது. உள்ளே எண்ணெய் எரிந்திருக்க வேண்டும். டீசல் என்ஜினில் நடப்பதுதான்: காற்றைச் சட்டென்று நசுக்கினால் சூடேறும், எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்ளும். டமார் என்று சத்தமும் புகையும் வருகிறதே என்று நான் ஒரு வாரம் எண்ணெய் விட்டுச் சுட்டிருக்கிறேன், யாரும் இல்லாத மத்தியானங்களில். அந்த வெடி பிஸ்டனைப் பின்னுக்கு அறையும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேள். உன் அப்பா கடையின் மூக்கு நீண்ட டப்பாவிலிருந்து.

நீ சும்மா சுட்டதும் பொய்யில்லை. எதிரே குண்டு தடுக்காவிட்டால் பிஸ்டன் மெத்தையில்லாமல் போய் மோதும். ஆனால் நீ மூன்று தடவை சுட்டாய். நான் ஒரு வாரம் எண்ணெய் விட்டேன். லேத்துக்காரர் முனைகளைப் பார்த்துவிட்டு, எதனால் உடைந்தது என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார். அவருக்கு முடியாமல் இருக்கலாம்.

ஸ்பிரிங்கைக் கோவைப் பட்டறை ஒன்றில் அதே கம்பித் தடிமனில் சுற்றி வாங்கினேன். இன்னும் கெட்டியாகப் போடட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். உதைதான் கூடும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் இருக்கும்வரைதான் லைசென்ஸ் தேவையில்லை. தோலை ஊறவைத்து, கிண்ணம் போல அச்சில் அழுத்தி, காயவைத்து, எண்ணெய் ஏற்றினேன். உள்ளே விடும்போது குழாயின் காடி விளிம்பு அதைச் சீவிவிட்டது. அரத்தால் விளிம்பை மழுக்கி, இரண்டாவது வாஷர் செய்தேன். முதல் ஏழெட்டு முறை லேசாகப் புகைந்தது. அப்புறம் குண்டு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போனது.

உன் அப்பாவிடம் நீயே சொல்லிவிடாதே, நான் வந்து சொல்கிறேன். அவர் சட்டை அளவை மட்டும் எழுதி அனுப்பு. வேறு ஆள் தைத்ததைப் பார்த்தால் காலரிலிருந்து குறை சொல்ல ஆரம்பிப்பார், தெரியும். சொல்லட்டும்.

உன்
திண்ணைக்காரன்