பெண்களும் புரட்சியும் படிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் படி அனுப்பிவைக்கப்படும். அவர்களைப் பற்றிய பகுதி பின்பாதியில் வருகிறது.

இந்த ஆண்டு 12 மாதக் கூட்டங்கள் திட்டமிட்டு 11 நடத்தினோம். மார்ச் 8 கூட்டம் வழக்கம்போல் நடந்தது. நன்கொடையாக வந்த நூல்கள் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. அலமாரிக்குப் பூச்சி மருந்து இருமுறை வைக்கப்பட்டது. செயற்குழு நான்கு முறை கூடியது, இருமுறை குறைவெண் வரம்பு எட்டாமல் கலைந்தது.

படித்த நூல்களில் இரண்டு அமர்வுகளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றின் குறிப்புகள் கோப்பில் உள்ளன.

முதலாவது, பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பெண் எழுத்தாளர் ஒலாம்ப் து கூழ் 1791-ல் எழுதிய பெண் உரிமைப் பிரகடனம். இதைத் தனியாகப் படித்தால் பழைய துண்டறிக்கை ஒன்றைப் படித்த உணர்வோடு முடிந்துவிடும். எனவே புரட்சி அரசு வெளியிட்ட 1789-ன் மனித உரிமைப் பிரகடனத்தை இடப்பக்கமும் இதை வலப்பக்கமுமாக இரண்டு பத்தியில் தட்டச்சு செய்து கொடுத்தோம். இரண்டிலும் 17 பிரிவுகள். பல பிரிவுகளில் ‘மனிதன்’ என்ற இடத்தில் ‘பெண்ணும் ஆணும்’ என்று வருவதைத் தவிர மாற்றம் குறைவு. வேகமாகப் படிப்பவர்கள் அந்த இடத்திலேயே சலித்துவிடுகிறார்கள். 10-வது பிரிவில் நிமிர்ந்து உட்கார வேண்டும்: தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் உண்டு என்கிறார். 11-வதுதான் நூலின் உயிர். மூலப் பிரகடனத்தில் அது கருத்துச் சுதந்திரம் பற்றிய பிரிவு. கூழ் கையில் அது, தன் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று அச்சமின்றிச் சொல்லும் பெண்ணின் உரிமையாகிவிடுகிறது. அரசியல் சட்டத்தின் வாசகம் அப்படியே வீட்டுக்குள் இறங்குகிறது. பின்னுரையோடு ஆண், பெண் இருவருக்குமான ஒப்பந்த மாதிரி ஒன்றையும் இணைத்திருக்கிறார்: சொத்தை எப்படிப் பிரிப்பது, குழந்தைகளுக்கு என்ன சேர வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. தொகுப்பு நூல்களில் பெரும்பாலும் வெட்டப்படுவது இந்தப் பின்பகுதிதான். 17 பிரிவுகள் மட்டும் உள்ள பதிப்பை வாங்கினால் பாதி நூலைத்தான் வாங்கியிருக்கிறோம்.

தேதிகளையும் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொன்னோம். ரொட்டியும் மாவும் கேட்டுப் பாரிஸ் பெண்கள் மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய்க்கு நடந்தது 1789 அக்டோபர் 5. பெண்களின் சங்கங்கள் தடை செய்யப்பட்டது 1793 அக்டோபர் 30. கூழின் தலை வெட்டப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 3. ஐந்து நாள் கழித்து, புரட்சி அரசியலில் செல்வாக்கோடு இருந்த மதாம் ரோலண்டின் தலை. நடந்து போனவர்களின் வயிற்றுப்பாடு எந்த நூலில் இருக்கிறது, மேடைக்குப் போனவர்களின் கழுத்து எந்த நூலில் இருக்கிறது என்று தேடினால் இரண்டும் ஒரே நூலில் கிடைப்பது அரிது. இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வித்து அந்த அமர்வில்தான் விழுந்தது.

இரண்டாவது, கோர்க்கியின் ‘தாய்’. தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கத்தைப் பலரும் இளவயதில் படித்திருப்பதால் ‘தெரிந்த நூல்தானே’ என்று பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு ஒரே வேலை கொடுத்தோம். மகன் பாவெலின் பேச்சுகளை விட்டுவிட்டு, தாய் நீலவ்னாவின் கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் பென்சிலால் கோடிட்டு வரச் சொன்னோம். தேநீருக்குச் சமோவார் வைப்பது, துணி தைப்பது, கதவு திறப்பது என்று போய், தொழிற்சாலை வாசலில் சாப்பாடு விற்பவளாக உள்ளே நுழைந்து துண்டுப்பிரசுரங்களைக் கடத்தும் இடத்தில் வந்து நிற்கிறது. சாப்பாட்டுக்காரியைக் காவலன் சந்தேகிப்பதில்லை. இதே சூத்திரம் தெலங்கானா ஆயுதப் போராட்டப் பெண்களின் வாய்மொழித் தொகுப்பிலும் வருகிறது: சோறு கொண்டுபோனவர்களே செய்தியும் கொண்டுபோனார்கள். ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு அதைத் தெலுங்கில் வெளியிட்டது 1986-ல், ஆங்கிலத்தில் வந்தது 1989-ல். போராட்டம் நிறுத்தப்பட்டது 1951-ல். ‘இனி வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லப்பட்ட கசப்பைப் பேச எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நான் சொன்ன அந்தப் பெரிய வேலை: நூல்களுக்கான குறிப்பு அட்டைகளும் அவற்றை அடுக்கும் பெட்டியும். ‘அலமாரிக்குச் சீட்டு ஒட்டவா சந்தா கொடுத்தோம்’ என்று இரண்டு கூட்டங்களில் கேட்கப்பட்டது. அதற்கான பதிலை இங்கே பதிவு செய்வது என் கடமை.

நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் நம் பொருள் ஒரே இடத்தில் இல்லை. பெண்களின் சமூக நிலை 305.4. பிரெஞ்சுப் புரட்சி 944.04. 1917-க்குப் பிந்தைய ருஷ்யா 947.084. வாழ்க்கை வரலாறு 920 பக்கம் போய்விடும், நாவல்கள் 800-களுக்குப் போய்விடும். கேட்டு வருபவர் 305.4-ல் கைவைத்துவிட்டு ‘அவ்வளவுதானா’ என்று திரும்புகிறார். கொந்தளிப்பு ஒரு மூலையிலும் அன்றாடம் இன்னொரு மூலையிலும் கிடக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ மணலூர் மணியம்மாளின் வாழ்க்கை. வேட்டி சட்டையோடு கிழக்குத் தஞ்சையின் பண்ணையாட்களைத் திரட்டியவர். நூல் நாவல் வடிவில் இருப்பதால், விவசாயிகள் போராட்டம் பற்றித் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. லெனினின் மனைவி குரூப்ஸ்கயாவின் நினைவுக் குறிப்புகள் லெனின் வரிசையில் நிற்கின்றன. உழைக்கும் பெண்ணைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலோ புனைபெயரில் வெளியானது, எந்த வரிசையிலும் இல்லை.

நூல்களை இடம் மாற்றினால் பொது நூலகங்களோடு எண் பொருந்தாது. எனவே நூல் அதன் இடத்திலேயே இருக்கட்டும், அட்டைகள் மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். 3-க்கு 5 அங்குல அட்டை, ஆறு வரி.

முதல் வரி ஆசிரியர் பெயர், மற்ற எழுத்துக்கூட்டல்களோடு. கொலந்தாய், கொல்லொந்தாய், கொல்லந்தை மூன்றும் ருஷ்யப் பெண் புரட்சியாளர் ஒருவரே. ஜெர்மனியில் இயங்கிய புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்குக்கு நான்கு வடிவம் கிடைத்தது. ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றவற்றுக்கு, அந்த முதன்மைப் பெயரைப் பார்க்கச் சொல்லும் ‘காண்க’ அட்டை போட வேண்டும். இரண்டாம் வரியில் சொன்னவர், எழுதியவர், மொழிபெயர்த்தவர் தனித்தனியாக. இது மிக முக்கியம். குவாத்தமாலாவின் பழங்குடிப் பெண் ரிகொபெர்தா மெஞ்சூவின் தன்வரலாறு 1983-ல் வந்தபோது ஆசிரியர் இடத்தில் இருந்தது பேட்டி கண்ட எலிசபெத் புர்கோஸின் பெயர். பொலிவியச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி தொமித்தீலா சொன்னதை எழுதியவர் மொயெமா வியெஸ்ஸர். சொன்னவளுக்கும் எழுதியவளுக்கும் நடுவே எது மாறியது என்ற கேள்வி, இரண்டு பெயரும் அட்டையில் இருந்தால்தான் எழும். ஈழத்துப் பெண்களின் கவிதைகளைக் கொண்ட ‘சொல்லாத சேதிகள்’ போன்ற தொகுப்பு என்றால் கவிஞர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. இல்லாவிட்டால் தொகுப்பின் பெயர் மட்டும் நிற்கும், கவிதை எழுதியவர்கள் காணாமல் போவார்கள்.

மூன்றாம் வரியில் மூன்று ஆண்டுகள்: நடந்தது, எழுதியது, அச்சானது. ருஷ்ய நூல்களில் 1918 தொடக்கம் வரை பழைய நாட்காட்டி என்பதை நினைவில் வைக்க வேண்டும். அன்றைய ருஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதின் நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தது 1917 பிப்ரவரி 23, புதிய கணக்கில் மார்ச் 8. 13 நாள் கூட்டாமல் எழுதிய ஒரு அட்டையால் ஒரு கூட்டமே வீண்வாதத்தில் போனது.

நான்காம் வரி பதிப்பின் நிலை, முழுமையா, வெட்டப்பட்டதா என்று. கொலந்தாய் 1926-ல் தன்வரலாற்றின் அச்சுத்தாள்களிலேயே பல வரிகளை அடித்துவிட்டார். பின்னால் வந்த பதிப்பு அவற்றைச் சாய்வெழுத்தில் மீட்டுத் தருகிறது. சாய்வெழுத்து இல்லாத பிரதி கையில் இருந்தால், அவர் தன்னைப் பற்றி எதைச் சொல்லத் துணிந்து பிறகு பின்வாங்கினார் என்பது தெரியாது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற சோவியத் பெண்களைப் பற்றிய அலெக்சியேவிச்சின் போர்முனைப் பெண்கள் நூலுக்கும் இதே எச்சரிக்கை. 1985 பதிப்பும் விரிவாக்கிய பிற்காலப் பதிப்பும் ஒன்றல்ல. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 1936 நாவலுக்கு ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று இரட்டைத் தலைப்பு. இரண்டுக்கும் அட்டை போடாவிட்டால் ஒரே நூல் இருமுறை வாங்கப்படும். வாங்கியும் விட்டோம்.

ஐந்தாம் வரியில் பெருநிகழ்ச்சி வரும் பக்கங்கள். ஆறாவதில் அன்றாடம்: சமையல், குழந்தை, கூலி, உடை, திருமணம், மாதவிடாய், தூக்கம். உயிரை வாங்குவது இந்த ஆறாம் வரிதான். நூல்களின் கடைசியில் உள்ள சொல்லடைவில் தலைவர்கள் பெயரும் கட்சிகளின் பெயரும் இருக்கும். ‘அடுப்பு’ இருக்காது. எனவே பக்கம் பக்கமாகப் படித்தே எடுக்க வேண்டும். 300 பக்க நினைவுக் குறிப்புக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது. அட்டையில் 15 முதல் 20 பதிவுகள் கொள்ளும், அதற்கு மேல் போனால் இரண்டாம் அட்டை.

செய்த பிழைகளையும் மறைக்கவில்லை. முதல் 40 அட்டைகளில் பதிப்பைக் குறிக்காமல் பக்க எண் மட்டும் எழுதியதால், மறுபதிப்பு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இப்போது அத்தியாய எண்ணும் சேர்த்து எழுதப்படுகிறது. ஜெல் பேனா மை ஈரக் கையில் கலைந்தது. நூலில் பென்சில், அட்டையில் பால்பாயிண்ட் என்பதே விதி. ‘வீட்டு வேலை’, ‘வீட்டுவேலை’, ‘இல்லப்பணி’ என்று மூவர் மூன்று விதமாக எழுதிவிட்டதால் சொற்பட்டியல் ஒன்று தயாரித்து மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அதில் இல்லாத சொல்லைப் புதிதாகச் சேர்க்க விரும்புபவர் முதலில் பட்டியலில் எழுதட்டும், பிறகு அட்டையில்.

இதனால் கண்ட பயனைச் சொல்கிறேன். ரோசா லக்சம்பர்க்கின் சிறைக் கடிதங்களை அட்டை போட்டபோது, 1917 டிசம்பரில் அடிபட்ட எருமையைப் பார்த்து எழுதிய கடிதம், பறவைகள், செடிகள் எல்லாம் ஆறாம் வரியை நிரப்பின. ‘சமூகச் சீர்திருத்தமா புரட்சியா’ என்ற 1899-ன் நூலில் ஆறாம் வரி காலி. ஆனாலும் கடிதங்களை மட்டும் படித்து ‘மென்மையான மனசு’ என்று அவரைச் சுருக்குவது அநியாயம். கடிதங்களில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவருடைய கனத்த பொருளாதார நூலான ‘மூலதனத் திரட்ட’லை முதல் நூலாக எடுத்துக் கொண்டுபோன மூவரும் இதுவரை திரும்பவில்லை, நூலும் திரும்பவில்லை. இன்னொரு ஜோடி, கணவன் வீட்டை விட்டு வெளியேறும் நோராவைப் பற்றிய இப்சனின் நாடகமும் (1879), வீட்டை விட்டுப் போன நோரா பிறகு என்ன ஆனாள் என்று சீன எழுத்தாளர் லூ சுன் 1923 டிசம்பரில் பெய்ஜிங் மகளிர் கல்லூரியில் ஆற்றிய உரையும். கைப்பையில் காசு இல்லாமல் போனவள் ஒன்று கெட்டுப்போவாள், இல்லை திரும்பி வருவாள் என்கிறார். முதலில் பொருளாதார உரிமை, மற்றது பிறகு. இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்க வேண்டும். இடைவெளி விட்டால் கேள்வி ஆறிப்போகிறது.

பொருளாதார உரிமை என்றவுடன் சந்தா நினைவுக்கு வருவது இயல்பு. பதிவேட்டில் 38 உறுப்பினர்கள். ஆண்டு முடிவில் சந்தா முழுமையாகச் செலுத்தியவர்கள் 17 பேர். நிலுவை வைத்தவர்களில் சிலர் நம் கூட்டங்களில் வீட்டுவேலையின் கூலியில்லா உழைப்பைப் பற்றி மிக உருக்கமாகப் பேசியவர்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கிய கைகளையும் அதே பட்டியலில் சேர்க்கலாம் என்று தோன்றியது. அட்டைப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். ஒரு நூலையாவது முடித்துக் கொடுத்தவர்கள் 4 பேர், அதில் ஒருவர் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு நூல்கள் முடித்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். மற்ற பத்துப் பேரின் பெயரையும் நான் சொல்லவில்லை, வேறு காரணத்துக்காக.

வரவு செலவைப் பொருளாளர் அவர்கள் தனியே வாசிப்பார்கள். என் அளவில், வரவும் செலவும் ஏறக்குறைய நெருங்கியே சென்றன. செலவு கடைசி மாதத்தில் சற்று முந்திக்கொண்டது. அட்டை, பெட்டி, பிரிப்பு அட்டைகள் ஆகியவை ‘எழுதுபொருள்’ தலைப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. அந்தத் தலைப்பு வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதற்கு விளக்கம் மேலே கொடுத்தாகிவிட்டது.

இடம் கொடுத்து உதவியவர்களுக்கும், தட்டச்சு செய்தவர்களுக்கும், நூல் நன்கொடையாளர்களுக்கும், தணிக்கையாளர் அவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு மூன்று திட்டங்கள். முதலாவது, ஈழத்துப் பெண்களின் எழுத்தை ஒரே தொடராகப் படிப்பது: 1986-ன் ‘சொல்லாத சேதிக’ளில் தொடங்கி, ரஜனி திராணகம இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’ வழியாக, ஆசிரியர் மறைந்த பின் 2016-ல் வெளியான, முன்னாள் விடுதலைப்புலி தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ வரை. உணர்ச்சி கொதிக்கும் பொருள் என்பதால், நூலைப் படிக்காமல் கருத்துச் சொல்வதற்கு இந்தத் தொடரில் மட்டுமாவது இடமில்லை. இரண்டாவது, மீதமுள்ள நூல்களுக்கு ஆறாம் வரி எழுதுவது. ஒருவர் மாதத்துக்கு ஒரு நூல் என்றால், ஆறு பேர் போதும். மூன்றாவது, பிப்ரவரிக்குள் பெட்டிக்கு இரண்டாம் படி தயாரிப்பது. ஒரே பெட்டி என்பது ஒரே தீக்குச்சியின் தூரம்.

செயலாளர் பொறுப்புக்கு இம்முறை வேறொருவர் முன்வந்தால் மகிழ்வேன். ஆனால் முன்வருபவர் சொற்பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வரட்டும். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன் என்று குறிப்பேடு காட்டுகிறது.

நிலுவைப் பட்டியல் வாசலுக்கு உள்பக்கம் ஒட்டப்பட்டுள்ளது, எழுத்து வேண்டுமென்றே சிறியது. ‘பாதையில் பதிந்த அடிகள்’ நம்மிடம் ஒரே பிரதி. ஜூன் மாதம் கையெழுத்தில்லாமல் எடுக்கப்பட்டது. அதன் அட்டையில் ஆறாம் வரி இன்னும் எழுதப்படவில்லை. எடுத்தவர் நூலைத் திருப்பும்போது பென்சிலால் குறித்த பக்க எண்களோடு திருப்பினால், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் செயற்குழுவிடம் நானே பேசுகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்