தாமான் நெகாராவுக்குப் போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 31 வருடம் பால் எடுக்கப் பால்மரப் பட்டையை வெட்டியவள் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். மலாய் நன்றாகப் பேசுவேன். ஆனால் உட்கார்ந்து நிதானமாக வாசிக்க வருவது தமிழ் ஒன்றுதான். அதனால்தான் இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

வேலையை விட்டு நின்ற பிறகு, தோட்டத்து லயத்து வீடுகளில் கூட இருந்த பழைய ஆட்கள் பதினொரு பேர் சேர்ந்து, மலேசியாவின் தேசியப் பூங்காக் காடான தாமான் நெகாராவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரக்காட்டுக்குள் நடந்தவர்கள்தான் எல்லாரும். ஆனால் அது வரிசை பிடித்து நட்ட காடு. யாரும் நடாத காட்டை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

முதல் தடவை, தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் கிளம்பினோம். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அப்போதுதான் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும். வேன் பேசி முன்பணம் வாங்கிய ஏற்பாட்டாளர் பருவமழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூங்காவின் வாசல் ஊரான கோலா தாஹானில் போய் இறங்கினால், தெம்பிலிங் ஆறு செம்மண் நிறத்தில் மரக்கட்டைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மரங்களின் உச்சியில் கட்டியிருக்கும் தொங்குபாலத்தை மழைக்காக மூடிவிட்டார்கள். ஆற்றில் மேற்கொண்டு போக முடியாது என்று படகுக்காரரும் கையை விரித்துவிட்டார். இரண்டு நாள் அறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்களோடு வந்த அக்கா ஒருவர் அந்தப் பயணத்துக்காக மாதம் ஐம்பது வெள்ளியாக (ரிங்கிட்) எட்டு மாதம் எடுத்து வைத்தவர். மறுபடி நாங்கள் போனபோது அவர் உயிரோடு இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கம் மழைக்காலம், போகாதீர்கள் என்று தமிழில் ஒரு வரி எங்கேயாவது படித்திருந்தால் நாங்கள் தேதியை மாற்றியிருப்போம்.

அதே பயணத்தில் இன்னொரு குழப்பம். குவா மூசாங்கில் இருக்கும் என் தங்கை குடும்பம் காரில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. "வாசலுக்கு வந்துட்டோம்க்கா, நீங்க எங்க இருக்கீங்க?" என்று போன் வருகிறது. நாங்களும் வாசலில்தான் நிற்கிறோம். அவர்கள் நின்றது மெராப்போவில்! தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பு. பகாங், கிளந்தான், திரெங்கானு என மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. பகாங்கில் கோலா தாஹான், மெராப்போ. கிளந்தானில் கோலா கோ. திரெங்கானுவில் கென்யிர் ஏரிப் பக்கம் தஞ்சோங் மெந்தோங் என்று தனித்தனி வாசல்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காட்டுக்குள்ளே ரோடு கிடையாது, சுற்றித்தான் வர வேண்டும். பாவம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் அப்படியே வீடு திரும்பினார்கள்.

மறு வருடம் ஜூன் மாதம் போனோம். போவதற்கு முன் என் பேத்தி போனில் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதை வாசித்து வாசித்துச் சொல்ல, நான் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். கிராமம் ஒரு கரையில், பூங்கா அலுவலகம் அக்கரையில். சம்பான் என்ற சின்னப் படகில் கடக்க ஆளுக்கு ஒரு வெள்ளி. நுழைவு அனுமதி ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி. இதெல்லாம் நாங்கள் போனபோது இருந்த கணக்கு. சில்லறையாகக் கையில் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. படித்துறையில் படிகள் நிறைய. முட்டிவலி உள்ளவர்கள் ஒரு கம்பு எடுத்துப் போக வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சிக்கு மட்டும் பேத்தியின் உதவி தேவைப்படவில்லை. நனைத்த புகையிலையைக் காலுறைமேல் தேய்ப்பது தோட்டத்தில் எங்களுக்குப் பழகிய வைத்தியம். விலங்கு பார்க்கக் கட்டியிருக்கும் 'பும்புன்' குடிலில் இரவு தங்க முன்கூட்டியே பதிய வேண்டும். பேரன் குனோங் தாஹான் மலையில் ஏறுவதாக நின்றான். 2,187 மீட்டர், கோலா தாஹான் வழியாகப் போனால் ஏழு நாள் ஆகும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் சரி, இன்னொரு வருடம் என்று அடங்கினான்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ரயில். எங்கள் பகாவ் ஸ்டேஷன் வழியாகப் போகிற அதே பாதைதான் கோலா தாஹானுக்குப் போக இறங்க வேண்டிய ஜெராண்டுட்டுக்கும் போகிறது. ஜப்பான்காரன் காலத்தில் இந்தப் பாதையில் ஒரு பகுதியைப் பிடுங்கித்தான் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று அப்பா சொல்வார். வீட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு இரண்டு தடவையும் வேனுக்கு அவ்வளவு பணம் கொடுத்தோம்.

காட்டுக்குள் ஒரு துவாலாங் மரத்தடியில் நின்றேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, உச்சி தெரியவில்லை. பட்டையைத் தொட்டதும் என் கை தன்னாலே வெட்டுத் தழும்பைத் தேடியது. ஒரு கீறல் இல்லை. கூட வந்தவர்கள் கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.

வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவுக்கு என் வேண்டுகோள்: எந்த வாசல், எந்த மாதம், எவ்வளவு செலவு, வயதானவர்கள் எதுவரை நடக்கலாம் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் போடுங்கள். கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் அதை ஒட்டி வைக்க நாங்கள் இருக்கிறோம். அது வரும்வரை பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் பத்திரிகை இந்த விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். கட்டணமும் நேரமும் மாறும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டுப் போட வேண்டும்.

என் நோட்டில் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேத்தியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
பகாவ், நெகிரி செம்பிலான்