பக்கத்து வீட்டுப் பெரியவரின் அட்டை

கிரீன்வில், தென் கரோலைனா
20-9-2009

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல்.

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் ஒரே கும்மாளம். சின்னவன் அதற்குள் அவன் அறையில் பாட்டிக்கு இடம் ஒதுக்கிவிட்டான். அதே கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒரு ரூபாய் அரிசியைத் திட்டித் தீர்த்திருக்கிறீர்கள். களையெடுக்க ஆள் வருவதில்லை, எல்லோரும் இலவச டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே புலம்பலை இரண்டு மூன்று மாதமாக வேலியோரம் நின்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே, தக்காளி நாற்று கொடுத்தவர். வயது 76. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊர் ஒரு காலத்தில் உலகின் ஜவுளித் தலைநகரம் என்று மார்தட்டிக்கொண்ட ஊர். இப்போது பல ஆலைகள் வெறும் செங்கல் கூடுகளாக நிற்கின்றன. காப்பீடு இல்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஜனாதிபதி ஒபாமா கொண்டுவரப் பார்க்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றாலே பெரியவருக்கு ரத்தம் கொதிக்கிறது. உழைக்காதவனுக்கு உழைத்தவன் காசில் வைத்தியமா என்கிறார். கிழவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கலாமா வேண்டாமா என்று அரசாங்கமே குழு போட்டு முடிவு செய்யப்போகிறது என்றும் நம்புகிறார். போன தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற சாரா பேலின் ஆகஸ்டில் கொளுத்திப் போட்ட வெடி அது. மசோதாவில் இருப்பது, கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி விரும்பினால் டாக்டருடன் பேசிக்கொள்ளலாம், அந்த டாக்டர் கட்டணத்தை அரசு தரும் என்பதுதான்.

போன வருஷம் பெரியவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது மெடிகேர். 65 வயது தாண்டியவர்களுக்கு இங்கே மத்திய அரசு நடத்தும் காப்பீடு அது. ஒரு நாள் மெதுவாக, "ஐயா, மெடிகேரும் அரசாங்கத்துடையதுதானே?" என்று கேட்டேன். பர்ஸைத் திறந்து சிவப்பும் நீலமுமாய்க் கோடு போட்ட அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. "இது நான் சம்பளத்தில் கட்டியது" என்றார். அது உண்மைதான். சம்பளத்தில் பிடித்தார்கள். ஆனால் இன்று அவர் செலவில் பெரும்பகுதி என் சம்பளத்திலும், எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒரு அம்மாவின் சம்பளத்திலும் பிடிக்கும் பணம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, தக்காளி கொடுத்தவர் ஆயிற்றே. அவர் ஒருவர் மட்டும் அப்படியில்லை. பக்கத்திலுள்ள சிம்ப்சன்வில்லில் எங்கள் தொகுதி எம்.பி. பாப் இங்லிஸ் கூட்டம் போட்டபோது, என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று ஒருவர் எழுந்து கத்தினாராம். குடியரசுக் கட்சிக்காரரான இங்லிஸே அது அரசாங்கத் திட்டம்தான் என்று பொறுமையாக விளக்கியும் அந்த மனிதர் கடைசிவரை ஏற்கவில்லையாம்.

அலுவலகத்தில் அந்த அம்மா என்று சொன்னேன் இல்லையா, அவர் கறுப்பினத்தவர். ஐம்பது வயதிருக்கும். ஒப்பந்தக்காரரிடம் வேலை, அதனால் காப்பீடு கிடையாது. செவ்வாய்க்கிழமை காப்பி போடப் போனபோது பார்த்தேன். மேசையில் காகிதத்தை விரித்து, ரத்த அழுத்த மாத்திரையைச் சிறு கத்தியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். மாத்திரை பொடிந்தது. பொடியை விரலில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டார். ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு ஓட்டுகிறாராம். ஏழைகளுக்கான மெடிகெய்ட் இருக்கிறதே என்று விசாரித்தேன். இந்த மாநிலத்தில் ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. கர்ப்பிணியாகவோ, வளரும் பிள்ளைகளை வைத்திருப்பவராகவோ, ஊனமுற்றவராகவோ, முதியவராகவோ இருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவருடைய பாட்டி வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை செய்தவர். 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வீட்டு வேலைக்காரர்களையும் விவசாயக் கூலிகளையும் அதில் சேர்க்கவில்லை. தெற்கே கறுப்பர்களில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைதான்.

இதெல்லாம் இனவெறிதானா என்று கேட்பீர்கள். 9ஆம் தேதி ஒபாமா நாடாளுமன்றத்தில் பேசும்போது, எங்கள் மாநிலத்து எம்.பி. ஜோ வில்சன் நடுவில் "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று கத்திவிட்டார். ஜனாதிபதியைப் பார்த்து இப்படி யாரும் கத்தி நான் கேட்டதில்லை. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், இந்த வெறுப்பில் பெரும்பகுதி ஒபாமா கறுப்பர் என்பதால்தான் என்று சொல்லிவிட்டார். ஒபாமா தரப்போ அப்படியில்லை என்கிறது. எங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடி இன்றும் பறக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கார்ட்டர் சொன்னதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதே சமயம் எதிர்ப்பவர் எல்லோரையும் அந்தக் கணக்கில் எழுதவும் மனம் வரவில்லை. மெடிகேரில் மிச்சம் பிடித்து இந்தத் திட்டத்துக்குக் கொடுக்கப்போவதாக அரசே சொல்கிறது. பெரியவர் பயப்படாமல் என்ன செய்வார்? இந்த மெடிகேர் வந்த கதையையும் அவர்தான் சொன்னார். 1966 வரை இங்கே ஆஸ்பத்திரிகளில் கறுப்பர்களுக்குத் தனி வார்டு. தனி வார்டு வைத்தால் மெடிகேர் பணம் கிடையாது என்று வாஷிங்டன் சொன்னதும் சில மாதங்களில் எல்லாம் மாறிவிட்டதாம். சொல்லும்போது அவர் குரலில் வருத்தமா பெருமையா என்று பிடிபடவில்லை.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் விருந்து. சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டே, "நாம் வரி கட்டுகிறோம், அவர்கள் பிள்ளை பெற்றுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்" என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. சிகாகோவில் ஒரு பெண் எண்பது பெயர்களில் அரசு உதவி வாங்கினாள் என்று 1976இல், பின்னால் ஜனாதிபதியான ரீகன் மேடைக்கு மேடை சொன்ன கதைக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. 1996இல் ஜனாதிபதி கிளின்டன் சட்டம் போட்டு, மத்திய அரசுப் பணத்தில் வரும் ரொக்க உதவி வாழ்நாளில் ஐந்து வருஷத்துக்குமேல் கிடையாது, வேலைக்கும் போக வேண்டும் என்று ஆக்கியது யாருக்கும் நினைவில்லை. உணவு உதவி அட்டை வாங்குவோரில் மற்ற எந்த இனத்தையும்விட வெள்ளையர் அதிகம் என்பதும்தான். அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். என் முழுப் படிப்புக்கும் அப்பா கட்டிய கட்டணம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும். எங்களை இந்த நாட்டுக்குள் விட்ட சட்டமும், மெடிகேரும், கறுப்பர்களின் வாக்குரிமைச் சட்டமும் ஒரே ஜனாதிபதி 1965இல் கையெழுத்துப் போட்டவை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் உங்கள் அரிசிக் கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாற்று நடும் பெண்கள் வராததற்கு அரிசி காரணமா, கூலி காரணமா என்று மட்டும் ஒரு தடவை மதினியைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மா வருவதைப் பெரியவரிடம் சொன்னேன். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்தால் நீ காரை விற்க வேண்டியிருக்கும், மருந்தைச் சரியாகக் கொண்டுவரச் சொல் என்றார். சுற்றுலா வருவோருக்கான காப்பீடு எடுத்துவிட்டேன். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கான மாத்திரை, கூடவே ஒரு மாதத்துக்கு உபரி, வாங்கிவிடுங்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பெயர் தெளிவாக இருக்கட்டும். எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போட வேண்டாம். அம்மா சிக்கனம் பிடித்து ஒரு வேளை விட்டுவிடுவாள், அதையும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புத் தம்பி