தலைவர் வரும்வரை பாடச் சொல்லும் தோழர்களுக்கு

மேடை போட்டு, கூட்டம் சேர்த்து, உரிமைக்காகப் போராடும் தோழர்களே, வணக்கம்.

உங்கள் மேடைகளில் பல வருடங்களாகப் பாடி வருகிறேன். போன மாதம் ஒரு கூட்டத்தில் இரண்டாவது சரணத்தின் நடுவில் இருந்தேன். முன்வரிசையில் ஒரு பாட்டி பல்லவியைப் பிடித்துக்கொண்டு, தப்பும் தவறுமாக என்னோடு சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தார், அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேரும் மெல்ல வாய் திறந்தார்கள், சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. தலைவர் வந்துவிட்டார், முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மைக் கைமாறியது. பாட்டி வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தக் கூட்டம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது.

அந்தப் பாட்டிக்காகத்தான் இந்த மடல்.

மேடையை விட்டு இறங்கியதும் உங்களில் ஒருவர் கேட்டார், பாட்டுப் பாடினால் சட்டம் மாறிவிடுமா என்று. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதனால் நானும் உள்ளபடி சொல்கிறேன். மேலே ஒருவர் பாட, கீழே இருப்பவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் எதுவும் மாறாது. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றி அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடே 1939-இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். இன்று கேட்டாலும் நெஞ்சை அடைக்கும். அந்தக் கொலைகளைத் தனிக் குற்றமாக அறிவிக்கும் சட்டம் அமெரிக்கா முழுமைக்கும் வந்தது 2022-இல், 83 வருடம் கழித்து. கேட்பது மட்டும் போதாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் கூடிப் பாடுவது வேறு. ஐரோப்பாவில் இருக்கும் எஸ்டோனியா என்ற சின்ன நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1869-லேயே அங்கே பாட்டுத் திருவிழா தொடங்கிவிட்டது, ஊருக்கு ஊர் பாடகர் குழுக்கள் இருந்தன. சோவியத் ஆட்சியில் சொந்தக் கொடிக்குத் தடை, எதிர்க்கட்சிக்குத் தடை, பாடகர் குழுக்கள் மட்டும் பிழைத்துக் கிடந்தன. 1988 செப்டம்பர் 11 அன்று தாலின் நகரத்துப் பாட்டுத் திடலில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள், அந்த நாட்டின் மொத்த மக்களே ஏறத்தாழ 15 லட்சம்தான். 1991 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. மாஸ்கோவில் இருந்த சோவியத் அரசின் தளர்ச்சியும், அரசியல் வேலை செய்தவர்களின் உழைப்பும் அதில் உண்டு, பாட்டு மட்டுமே சாதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 3 லட்சம் பேர் ஒரே நாளில் முளைத்தவர்களா? வருடக்கணக்காக ஒரு அறையில் கூடி, அடுத்தவர் மூச்சு எடுக்கும் வரை காத்திருந்து, இன்று யார் வரவில்லை என்று விசாரித்து, ஒரே வரியை இருபது முறை பாடிப் பழகிய பழக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. நீங்கள் கிளை கட்டுவது என்று சொல்கிறீர்களே, அதே வேலைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் என்ற பள்ளிக்குள் இரவில் போலீஸ் புகுந்து விளக்குகளை அணைத்தது. உள்ளே பள்ளி வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இருட்டில் அவர்கள் 'நாம் வெல்வோம்' பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள், ஒரு சிறுமி அதில் 'நாம் அஞ்சவில்லை' என்று புதிதாக ஒரு அடியைச் சேர்த்தாள். இவ்வளவு சத்தமாகத்தான் பாட வேண்டுமா என்று ஒரு போலீஸ்காரர் அவளிடம் கேட்டதாகவும், அப்போது அவர் நடுங்கிக்கொண்டிருந்ததாகவும் அந்தச் சிறுமியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சட்டம் அந்த இரவில் மாறவில்லைதான். பயம் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இடம் மாறியது. அதற்கு என்ன விலை என்று போராட்டத்தில் அடிபட்ட உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தப் பலம் நல்லவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1994-இல் ருவாண்டா இனப்படுகொலைக்குத் தூபம் போட்ட வானொலி, வெறுப்பைப் பேச்சாகவும் பரப்பியது, பாட்டாகவும் பரப்பியது. அவர்கள் பாட்டை இடைவெளி நிரப்பும் சரக்காக நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்கிறோம்?

சரி, கேட்பது இவ்வளவுதான். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் கொடுங்கள், ஸ்பீக்கரில் பதிவுப் பாட்டு அலறுவதை நிறுத்திவிட்டு, வந்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பல்லவியைச் சொல்லிக்கொடுக்க விடுங்கள். பாடும்போது தலைவர் வந்துவிட்டால் அவரும் கூட்டத்தோடு நின்று பாடட்டும், பாட்டு முடிந்ததும் பேசட்டும். அவருக்கும் அது பிடிக்கும் என்றே நம்புகிறேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவேன். அந்தப் பாட்டி வந்தால் மேடைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவருக்கு இரண்டாவது சரணம் இன்னும் பாக்கி இருக்கிறது.