பாப்பா, அந்த மேக்குக்கு விண்டோஸ் 10 போதும்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மேக்புக் ஏர், 13 இஞ்ச், 2015 தொடக்கத்தில் வந்த மாடல். 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி, மேக்கின் சொந்த ஓஎஸ் மான்ட்ரே ஓடுகிறது. சித்தப்பா நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார். கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேர் பழக விண்டோஸ் வேண்டும், எதைப் போடுவது என்று கேட்டிருந்தாய். கூட ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி செய்கிற பையன் 11 போடச் சொல்கிறான், சீனியர் அக்கா பழைய மெஷினில் 7 தான் லேசாக ஓடும் என்கிறார் என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் வேண்டாம். விண்டோஸ் 10 ஹோம், 64 பிட் போடு. காரணம் சொல்லாமல் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

கடைக்கு லேப்டாப் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் "லேட்டஸ்ட் எதுவோ அதைப் போடுங்க" என்பார்கள். நான் பார்ப்பது டிரைவரை, அதாவது மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸுக்குப் புரியவைக்கிற சின்ன சாஃப்ட்வேரை. சாதாரண லேப்டாப் என்றால் எங்கேயாவது தேடி டிரைவர் பிடித்துவிடலாம். மேக்கில் டச்பேட், கேமரா, கீபோர்டுக்கு அடியில் எரிகிற லைட், வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற பட்டன் எல்லாவற்றுக்கும் ஆப்பிள் எழுதிக் கொடுத்த டிரைவர்தான் கதி. அதை, மேக்கில் விண்டோஸ் போட உதவும் பூட் கேம்ப் என்ற சாஃப்ட்வேரோடு 2006-லிருந்து கொடுத்து வந்தார்கள். விண்டோஸ் 10-க்கான பூட் கேம்ப் 6 வந்தது 2015 ஆகஸ்டில். அதோடு சரி, 11-க்கு என்று ஆப்பிள் எதையும் வெளியிடவில்லை. 7-ஐ எடுத்துக்கொண்டால், ஏர் வரிசையில் 2014 மாடலோடு நிறுத்திவிட்டார்கள். உன் மெஷின் ஒரு வருஷம் தள்ளி வந்தது. ஆக உன் மாடலுக்கு முறையாக டிரைவர் உள்ளவை 8.1, 10 இரண்டுதான். 8.1-க்கு மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியிலேயே கதவைச் சாத்திவிட்டது. மிச்சம் 10.

அந்தப் பையன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, 11 ஓடும். பென்டிரைவ் தயார் செய்யும்போதே சோதனைகளைத் தாண்டவைத்துவிட்டால் இன்ஸ்டால் ஆகிவிடும், 10-க்கான டிரைவர்களும் பெரும்பாலும் அதில் வேலை செய்யும். ஆனால் 11 கேட்பது பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சிப், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசஸர். உன்னுடையது 5-ஆம் தலைமுறை, டிபிஎம் 2.0 எந்த மேக்கிலும் கிடையாது. தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் கட்டாயம் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் பெரிய அப்டேட் வரும்போது மறுபடியும் அதே தகிடுதத்தம் செய்ய வேண்டியிருக்கும். டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறின மாதிரிதான்: வண்டி போகும், டிடிஆர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் உனக்கு அது எதற்கு?

10-க்கும் காலம் முடிந்துவிட்டதே என்று கேட்பாய். ஆமாம், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆனால் வீட்டு உபயோகக்காரர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள். கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுண்டில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு கிடையாது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யச் சொல்லி வரும், முதல் நாளே செய்துவிடு. அந்தத் தேதிக்கு அப்புறம் விண்டோஸ் பக்கத்தை டாலிக்கு மட்டும் வைத்துக்கொள். பேங்க் வேலை, மெயில் எதுவும் அங்கே வேண்டாம், வைஃபையையும் அணைத்தே வை.

நீ பழகுவதற்கு டாலியின் எஜுகேஷனல் மோடே போதும். லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. என்ன, மாதத்தில் 1, 2, 31 தேதிகளில்தான் என்ட்ரி போட விடும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் டாலி படித்தார்கள், இன்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

விண்டோஸை ஆக்டிவேட் செய்கிற கீ பற்றிக் கவலைப்படாதே. விண்டோஸ் 10 கீயை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் விற்பதை 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஆன்லைனில் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதே, யாருக்கோ கொடுத்த கீயைத்தான் பத்துப் பேருக்குத் திருப்பி விற்பார்கள். என்னிடம் பெட்டியோடு வாங்கிய ரீடெய்ல் ஹோம் ஒன்று இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்பைப் பழைய சாமானுக்குப் போடப்போகிறேன். ரீடெய்ல் என்பதால் வேறு மெஷினுக்கு மாற்றலாம், தப்பில்லை. விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை மட்டும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிக்கொள். மேக்கிலிருந்து போனால் நேராக ஐஎஸ்ஓவையே கொடுக்கும்.

எனக்கு உண்மையில் கவலை கொடுப்பது அந்த 128 ஜிபிதான். விண்டோஸுக்குக் குறைந்தது 64 ஜிபி ஒதுக்கச் சொல்கிறது ஆப்பிள். அதைக் கொடுத்தால் மேக் பக்கம் பாதிகூட மிஞ்சாது, மான்ட்ரேயே அதில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். ஒருமுறை பிரித்துவிட்டால் பூட் கேம்ப்பில் கூட்டிக் குறைக்க முடியாது, அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். அதனால் 64-க்குக் குறைக்காதே, அதிகமும் வேண்டாம். கல்யாண வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்று. மேக்கை முழுக்க எடுத்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைக்கலாமா என்று யோசிக்காதே. மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கிற ஃபர்ம்வேர் சாஃப்ட்வேருக்கான அப்டேட் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மேக்குக்குள்ளேயே வெர்ச்சுவல் பாக்ஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேரில் விண்டோஸை ஓட்டுவதும் வழிதான், ஆனால் 8 ஜிபி ராமை இரண்டு பேர் பங்கு போட்டால் இரண்டும் நொண்டும். இதை விற்றுவிட்டு ஆப்பிளின் எம்1 சிப் மேக் வாங்குகிறேன் என்றும் இறங்காதே, அந்தச் சிப் உள்ள மேக்குகளில் பூட் கேம்ப்பே கிடையாது.

வேலையை இப்படிச் செய். டைம் மெஷினில் முழு பேக்கப் முதலில். சார்ஜரைச் சொருகிவிட்டு, யுடிலிட்டீஸில் இருக்கிற பூட் கேம்ப் அசிஸ்டன்ட்டைத் திற, ஐஎஸ்ஓவைக் காட்டு. 2015 மாடலுக்குப் பென்டிரைவ்கூடத் தேவையில்லை, மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) என்று இடையில் கேட்டால் 'பூட்கேம்ப்' என்று பெயர் உள்ளதைத் தவிர வேறெதையும் தொடாதே. விண்டோஸ் வந்ததும் டிரைவர் போடும் ஜன்னல் தானாக வரும், அதை முடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய். இனி ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தால் எந்தப் பக்கம் என்று கேட்கும்.

விண்டோஸில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஃபேன் சத்தமும் கேட்கும். பழுது என்று பயந்துவிடாதே. இரண்டு பக்கமும் ஃபைல் போக வர ஒரு பென்டிரைவை இரண்டுக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து வை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது. கீபோர்டை இங்கிலீஷ் இந்தியா என்று வைத்தால் கன்ட்ரோல், ஆப்ஷன், 4 சேர்த்து அழுத்தினால் ரூபாய்க் குறி வரும். தமிழ்99 கீபோர்டும் விண்டோஸிலேயே இருக்கிறது, அம்மாவுக்கு இனிமேலாவது தமிழில் மெயில் போடு.

கீயைப் போனில் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டேன், கார்டையே கூரியரில் போடுகிறேன். ஹாஸ்டல் ரூம் நம்பர் மாறிவிட்டது என்று அம்மா சொன்னாள், புது நம்பரை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, பார்ட்டிஷன் பிரிக்கப்போகும்போது வீடியோ கால் போடு.

அன்புடன்,
அப்பா